குடும்பச் செலவையும் அரசின் செலவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று அரசு எடுக்கும் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, இந்தியக் கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 2011-12இல் 1,430 ரூபாயாக இருந்து 2022-23இல் 3,773 ரூபாயாக உயர்ந்ததை, இரண்டரை மடங்குக்கும் மேலான வளர்ச்சி என்று குறிப்பிட்டிருந்தது. விலைவாசி உயர்வைக் கழித்தால், 2011-12ஆம் ஆண்டு விலையில் அத்தொகை 2,008 ரூபாய்தான் என்பதையும் அதே ஆய்வு தெரிவிக்கிறது. ஆகவே பதினோரு ஆண்டுகளில் உண்மையான உயர்வு சுமார் 40 விழுக்காடு; நகர்ப்புறத்தில் அது சுமார் 33 விழுக்காடே. கேள்வித்தாளும் வினவும் முறையும் இடையில் மாற்றப்பட்டதால், இந்த ஒப்பீட்டையும் சற்று எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும்.

கிராமக் குடும்பச் செலவில் தானியங்களின் பங்கு 1999-2000இல் 22 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, 2022-23இல் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருப்பதைக் கட்டுரையாளர் வளமையின் அடையாளமாகக் காண்கிறார். பாலும் முட்டையும் பழமும் கூடுதலாக வாங்கப்படுவது உண்மையே. ஆனால் தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதும் 2023 சனவரி முதல் அவ்வாறே தரப்படுகிறது. காசு கொடுக்காமல் பெற்ற அரிசி அந்த 3,773 ரூபாயில் சேராது. இலவசப் பொருள்களுக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்த தனிக் கணக்கு 3,860 ரூபாய் என்கிறது. அதிலும் இலவசக் கல்வியும் மருத்துவமும் இடம்பெறவில்லை.

என் கவலை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. அரசின் இறுதி நுகர்வுச் செலவு, அதாவது ஊழியர் சம்பளம் உட்பட மக்களுக்கான சேவைகளுக்கு அரசு செய்யும் செலவு, விடுதலைக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் படிப்படியாக ஏறி, 1980களின் பிற்பகுதியிலிருந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊதியக் குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வரும் ஆண்டுகளில் அது சற்று எழும்பிப் பின் தணியும். அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் அரசின் நுகர்வில் சேர்கிறது; தனியார் பள்ளிக்குக் கட்டும் கட்டணம் குடும்ப நுகர்வில் சேர்கிறது. அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லாமையால் ஒரு தந்தை கடன் வாங்கித் தம் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஆய்வில் அக்குடும்பத்தின் செலவு உயரும். நாமும் அதை முன்னேற்றம் என்று எழுதிவிடுவோம்! உணவுக்கான பங்கு குறையும்போது, மிஞ்சிய பணம் எதற்குச் சென்றது என்பதையும், அதில் அரசு ஏற்றிருக்க வேண்டிய செலவு எவ்வளவு என்பதையும் கேட்காமல் வளமை என்று தீர்ப்பளிக்க இயலாது.

2017-18 ஆய்வின் முடிவுகளைத் தரவின் தரத்தைக் காரணம் காட்டி அரசு வெளியிடாமல் விட்டதால், பதினோரு ஆண்டுகளுக்கு நம்மிடம் கணக்கே இல்லாமல் போனது. விலைவாசியை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணும் அதனால் நெடுங்காலம் 2011-12இன் செலவுப் பங்கீட்டையே நம்பியிருந்தது. குறித்த இடைவெளியில் ஆய்வை நடத்தி, முடிவு எவ்வாறிருப்பினும் வெளியிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இனி இத்தகைய செய்திகளில் விலைவாசி உயர்வைக் கழித்த தொகையையும், கல்விக்கும் மருத்துவத்துக்கும் குடும்பங்கள் செலவிட்ட பங்கையும் உடன் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் விரிவுரையாளர்,
கும்பகோணம்.