பார்சலில் நேரம் எழுதினால் என்ன?

ஆசிரியருக்கு,

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல் ஆறுவதே இல்லை. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் நாலு சேக்காளிகள் ஒரு வீட்டில் கூடினாலும் பார்சல்தான். ஆனால் கடை இலையில் சாப்பிட்ட ருசி வீட்டில் இல்லை என்ற குறை தீர்ந்தபாடில்லை. குறை மாஸ்டரிடம் இல்லை, பொட்டலத்தில் இருக்கிறது.

அடித்த சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஆற ஆற மைதா இறுகி ரப்பராக இழுக்கும். இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு வாழை இலையில் கட்டச் சொல்லுங்கள். மேலே செய்தித்தாள் வேண்டாம், மை எண்ணெயில் இறங்கும். (உங்கள் பத்திரிகைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) வீட்டில் இரும்பு தோசைக்கல்லை மிதமான தீயில் வைத்து, பரோட்டா மேல் கையால் நாலு சொட்டு தண்ணீர் தெளித்து, பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். மூன்றை அடுக்கி இரு பக்கமும் உள்ளங்கையால் தட்டினால் அடுக்கு விரியும். எண்ணெய் விட வேண்டாம், உள்ளே இருப்பதே தாராளம். மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தால் தோலாகிவிடும்.

சால்னாவுக்கு எவர்சில்வர் தூக்கு கொண்டுபோவதே நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருந்தும் கொதிக்கும் சால்னாவை மெல்லிய பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுவது நிற்கவில்லை. தூக்கில் இரண்டு விரல் இடம் விடுங்கள். தளும்பி வண்டியெல்லாம் வழியாது. சின்ன பரோட்டா ஆளுக்கு 5, சால்னா 200 மில்லி என்று கணக்கு வைத்தால் நாலு பேருக்குச் சரியாக இருக்கும். வீட்டில் சால்னாவைத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கெட்டியானால் வெந்நீர் அரை டம்ளர் சேர்க்கலாம். வெங்காயத்தை வீட்டிலேயே நறுக்குங்கள். ஆம்லெட்டைப் பார்சல் வாங்குவது வீண்.

இதைவிடப் பெரிய விஷயம் நேரம். ஒருவர் சுரண்டையிலிருந்து வர வேண்டும், இன்னொருவர் பஸ்ஸில் இருக்கிறார் என்று பொட்டலம் மேசையில் காத்துக் கிடக்கும். தேங்காய் சேர்ந்த சால்னாவும், மயோனைஸும், பிரியாணிச் சோறும் அப்படிக் கிடக்கக் கூடாதவை. சோற்றில் சில கிருமிகள் விட்ட நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. கடைசி ஆள் வந்த பிறகு வாங்கப் போவதே முறை. வாங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு மணியை எப்போதிலிருந்து எண்ணுவது? சமைத்த நேரம் வாங்குபவருக்குத் தெரியாதே! தயாரித்த நேரமும் எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதிய சீட்டு இல்லாமல் பார்சல் விற்கக் கூடாது என்று கேரளம் 2023 ஜனவரியிலேயே உத்தரவு போட்டது. பச்சை முட்டை மயோனைஸையும் அந்த மாதமே தடுத்தது. நம் அரசு அதற்கு ஓராண்டுத் தடை போட்டது 2025 ஏப்ரலில். சீட்டு விஷயத்திலும் இப்படிப் பின்னால் போக வேண்டுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில் செல்லும் விதி, இந்தப் பக்கம் நம் புளியரை இறங்கியதும் இல்லாமல் போவது வேடிக்கை.

மெஷின், ஸ்டிக்கர் எதுவும் கேட்கவில்லை. பில் எழுதும் பேனாவால் பொட்டலத்தின் மேல் ‘இரவு 7.40’ என்று குறித்துக் கொடுத்தாலே போதும். உணவுப் பாதுகாப்புத் துறை அடுத்த சீசனுக்கு முன் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், செங்கோட்டை