அடா கொலாவ் கதையை அச்சில் கொண்டுவர உங்கள் பங்கு வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் கூடுகிறோம். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதிகம். வாடகை, அட்வான்ஸ், குழுக்கடன், தவணை என்றே பேச்சு ஓடும். ஒருநாள் ஒரு போட்டோ கைமாறி வந்தது. ஹெல்மெட் போட்ட போலீஸ்காரர்கள் ஒரு பெண்ணை இழுத்துப் போகிறார்கள். 2013ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில், ஒரு வங்கியில் நடந்த போராட்டத்தில் எடுத்தது. 2015 ஜூனில் அந்தப் பெண்தான் அதே ஊருக்கு மேயர், அந்த நகரத்தின் முதல் பெண் மேயர். பெயர் அடா கொலாவ். அவர் கதையைத்தான் ஒரு சின்னப் புத்தகமாக எழுதியிருக்கிறோம்.

2008 பொருளாதார நெருக்கடியில் வேலை போய், தவணை கட்ட முடியாமல் அங்கே ஏராளமான குடும்பங்கள் வீட்டை இழந்தன. வங்கி வீட்டை எடுத்துக்கொண்ட பிறகும் மிச்சக் கடன் தலையிலேயே நிற்கும், சட்டம் அப்படி. "வீடும் போச்சு, கடனும் நிக்குதா?" என்று ஒரு அக்கா கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் வசூல்காரர் சத்தம் போட்டு, தெருவே வேடிக்கை பார்த்த நாள் எங்களில் பலருக்கு உண்டு.

2009ல் கொலாவும் தோழர்களும் வீட்டு அடமானக் கடனால் பாதிக்கப்பட்டோருக்கு ஓர் அமைப்பு தொடங்கினார்கள். கடனில் தவிப்பவர் கூட்டத்தில் எழுந்து தன் கதையைச் சொல்வார். அதே கஷ்டத்தைத் தாண்டி வந்தவர் வழி சொல்வார். வெட்கம் அங்கேதான் உடைந்தது. காலி செய்ய ஆள் வரும் நாளில் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லி சுமார் 14 லட்சம் கையெழுத்து வாங்கினார்கள்.

மேயரானபோது 41 பேர் கொண்ட நகர மன்றத்தில் அவர் அணிக்கு 11 இடம்தான். அதை வைத்துக்கொண்டே புதிய சுற்றுலா விடுதிகளுக்கு அனுமதியை நிறுத்தினார், சில தெருக்களில் வண்டிகளைக் குறைத்து நடப்பவர்களுக்கு இடம் கொடுத்தார். 2023 தேர்தலில் மூன்றாம் இடத்துக்குப் போனார். அதையும் எழுதியிருக்கிறோம், புகழ்மாலை எங்களுக்கு உதவாது.

ஓசூர் 2019ல்தான் மாநகராட்சி ஆனது. 45 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. நாளை அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் இன்று ஏதோ ஒரு லைன் வீட்டில் இருக்கிறார் என்று நிஜமாகவே நம்புகிறோம். அவர் கைக்கு இந்தப் புத்தகம் போக வேண்டும்.

48 பக்கம், 500 பிரதி, செலவு 20,000 ரூபாய். ஐம்பதும் நூறுமாகச் சேர்ந்தது 7,400. இன்னும் 12,600 வேண்டும். 400 ரூபாய் தந்தால் பத்து வீட்டுக்குப் புத்தகம் போகும், விலை வைக்கவில்லை. எங்களில் உங்களுக்குத் தெரிந்தவர் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அச்சகத்தின் பில்லைத் திண்ணைச் சுவரில் ஒட்டுவோம்.

பணம் தர முடியாதவர்கள் ஒரு ஞாயிறு வாருங்கள். பேசுவது தெலுங்கும் கன்னடமுமாக, தமிழ் படிக்கத் தெரியாத அக்காக்கள் எங்களிடம் நிறைய. அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஆள் தேவை.

இப்படிக்கு,
புத்தகக் குழுவினர், மூக்கண்டப்பள்ளி, ஓசூர்