அலையாத்திக்குள்ள நுழையுறப்போ என்ஜினை அணைச்சிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு விட்டா போதும், காரங்காடு படகு சவாரிக்கு கூட்டம் அலைமோதுது. எனக்கு அதுல சந்தோஷம்தான். அலையாத்திக் காடுன்னா பிச்சாவரம், முத்துப்பேட்டைன்னு வெளியூருக்கே ஓடிக்கிட்டு இருந்தோம், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல நம்ம கைக்கெட்டுற தூரத்துலயே ஒண்ணு இருக்குங்குறது நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கே லேட்டாதான் தெரிஞ்சுது. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து அதை நடத்திக்கிட்டு வர்றது பாராட்ட வேண்டிய விஷயம். நான் எழுதுறது ஒரே ஒரு கோரிக்கைக்காக. இந்தக் கரையில எந்த அலையாத்திக்குள்ள ஆளுங்களை ஏத்திக்கிட்டு படகு போனாலும், முகத்துவாரத்துலயே என்ஜினை அணைச்சிடணும், உள்ள துடுப்பும் கம்பும் மட்டும்தான்னு ஒரு முறை வச்சிடணும். அதோட நம்ம பாய்மர வத்தைகளையும், அதான் பாய் கட்டி காத்துல ஓட்டுற நம்ம ஊரு மரப் படகு, இந்த வேலைக்குள்ள கொண்டு வரணும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, தை மாசம் எங்க மாமா வத்தையில நம்புதாளை பக்கம் இருந்து தெக்கே கரையோரமா ஒரு நாள் போனோம். வாடைக்காத்து நல்லா பிடிச்சிருந்துச்சு, காத்து அடிக்கிற பக்கம் குறுக்குப் பலகையை நீட்டி ரெண்டு பசங்க அது மேல ஏறி நின்னு எடை குடுக்க, பாய் முழுசா புடைச்சுக்கிட்டு தண்ணி மேல வழுக்கிக்கிட்டே போச்சு. சோளியக்குடி, முள்ளிமுனையெல்லாம் தாண்டி அலையாத்தி ஓரமா வந்ததும் மாமா பாயை இறக்கிட்டு கம்பை ஊனி தள்ள ஆரம்பிச்சாரு. நான் ஏதோ கேக்க வாயெடுத்தேன், "ஏ தாயி, பேசாம உக்காரு, அங்கிட்டு பாரு"ன்னாரு. சேத்துத் திட்டுல பூநாரைக் கூட்டம். பத்தடி இருபதடின்னு சொல்ல மாட்டேன், அதுங்க கிட்ட அப்படி போகவும் கூடாது, ஆனா அதுங்க தலையை கவுத்துப் போட்டு அலகால தண்ணியை சலிக்கிறதும், காலால சேத்தை மிதிச்சு மிதிச்சு கலக்குறதும் வெறும் கண்ணுக்கே தெளிவா தெரிஞ்சுது. எங்களை பாத்துச்சுங்க, பாத்துட்டு மறுபடி மேய ஆரம்பிச்சிடுச்சுங்க, ஒண்ணு கூட பறக்கல.

இந்த மாதிரி கரையோரப் பறவைங்களை இந்தக் கரையில வேறொரு இடத்துல என்ஜின் படகுல இருந்தும் பாத்திருக்கேன், இடத்தையும் நடத்துறவங்களையும் இங்க சொல்ல வேணாம். ஓடை வளைவுல திரும்புறதுக்கு முன்னாடியே சத்தம் போய் சேந்துடும், நாம போறப்போ ஆலாவும் உள்ளானும் கொக்கும் மொத்தமா எந்திரிச்சு வானத்துல இருக்கும், படகுல இருக்குறவங்க கை தட்டி விசிலடிச்சு போட்டோ எடுப்பாங்க. அதுல வலசை வர்ற பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து இங்க மூணு நாலு மாசம் தின்னு உடம்பைத் தேத்திக்கிட்டு திரும்பிப் போகணும், ஒவ்வொரு படகுக்கும் பயந்து எந்திரிச்சு பறந்தா தின்னதெல்லாம் அதுலயே கரைஞ்சு போயிடும். பறக்குறது பாக்க அழகா இருக்குங்குறதுக்காக நாம அதுங்க சாப்பாட்டுல கை வைக்குறோம்.

பறவை மட்டும் இல்ல. அலையாத்தி மரத்தைச் சுத்தி சேத்துல பென்சில் நட்டு வச்ச மாதிரி குத்துக்குத்தா நிக்குதே, அதெல்லாம் மூச்சு வேர், சேத்துக்குள்ள காத்து இல்லாததால மரம் அது வழியாத்தான் மூச்சு விடுது. என்ஜின் படகு எழுப்புற அலை கரையில மோதி மோதி அந்த சேத்தை அரிக்கும், விதை விழுந்து அப்பதான் வேர் பிடிச்ச நாத்து பிடுங்கிக்கிட்டு போகும், சொட்டு சொட்டா கசியுற எண்ணெய் அந்த வேர் மேல படிஞ்சா மரத்துக்கு மூச்சு முட்டும். மாமா ஒரு இலையைத் திருப்பி காட்டினாரு, அடியில வெள்ளையா பொடி மாதிரி உப்பு, நாக்குல வச்சா கரிக்குது, மரம் உறிஞ்சின உப்பை இலை வழியா வெளிய தள்ளுதாம். அந்த வேருக்கு நடுவுல உளுவை மீன் சேத்துல துள்ளித் துள்ளி ஏறுது, ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்குற சின்ன நண்டு அந்தக் கொடுக்கை ஆட்டிக்கிட்டே வளை வாசல்ல நிக்குது. வேகமா போற படகுல இருந்து இதுல ஒண்ணாவது கண்ணுல படுமா? குஞ்சு இறாலும் நண்டும் வளர்ற இடமும் இதுதான், இது கெட்டா அடி விழுறது நம்ம கரைவலைக்காரங்க வயித்துல.

இன்னொண்ணு, பாக் விரிகுடாவுல கரையோரம் ஆழமே கிடையாது, நிறைய இடத்துல இடுப்பளவு தண்ணி, அடியில கடல் புல். என்ஜின் விசிறி அந்தப் புல்லை வேரோட சீவிக்கிட்டு போகுது. அந்தப் புல்லைத்தான் ஆவுளியா, அதான் கடல் பசு, மேயுது. 2022 செப்டம்பர்ல அதிராம்பட்டினத்துல இருந்து அம்மாபட்டினம் வரைக்கும் 448 சதுர கிலோமீட்டரை கடல் பசு பாதுகாப்பகமா அறிவிச்சாங்க, அது நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல். எல்லைக்கு தெக்கே நம்ம பக்கமும் கடல் புல் இருக்கே, அதையும் பாத்துக்கணும்ல. 2025 ஜூன்ல தனுஷ்கோடியில பூநாரைக்குன்னே சரணாலயம் அறிவிச்ச அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாததில்ல.

வத்தைக்கு வர்றேன். இந்தக் கரையில வத்தை இப்ப பெரும்பாலும் திருவிழா பாய்மரப் படகுப் போட்டிக்கு மட்டும்தான் தண்ணியில இறங்குது, மத்த நாளெல்லாம் கரையில கவுந்து கிடக்கு. பாம்பன்ல பாலம் தூக்குறப்போ வெளிநாட்டுப் பாய்மரப் படகு தாண்டிப் போனா ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்தி ஜனங்க எட்டி எட்டிப் பாக்குறாங்க, வீடியோ எடுக்குறாங்க. நம்ம கிட்டயே பாய் கட்டத் தெரிஞ்ச, காத்தையும் நீரோட்டத்தையும் பாத்து ஓட்டத் தெரிஞ்ச பெரியவங்க இன்னமும் இருக்காங்க, அவங்களுக்கு வயசாகிக்கிட்டே போகுது, கத்துக்குற பசங்களுக்கு அதுல ஒரு வருமானம் இருந்தாத்தானே கத்துப்பாங்க. முழங்கால் தண்ணியிலயும் வத்தை போகும். தண்ணி வத்தி சேத்துத் திட்டு வெளிய தெரியுறப்போதான் பறவைங்க மேய வரும், அந்த நேரத்துல விசிறி வச்ச படகு தரை தட்டும், வத்தை தட்டாது.

காத்து இல்லன்னா என்ன பண்றதுன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். நாங்க அன்னைக்கு திரும்புறப்போ எதிர்க்காத்து, வலத்தும் இடத்துமா மாறி மாறி வெட்டி கரை சேர மத்தியானம் ஆயிடுச்சு, குழந்தைகளை வச்சுக்கிட்டு எல்லாராலயும் அது முடியாது. அதனால முகத்துவாரம் வரைக்கும் சின்ன என்ஜின்ல வரட்டும், இல்ல ஒரு ஃபைபர் படகு வத்தையை கட்டி இழுத்துக்கிட்டு வரட்டும், உள்ள நுழையுறப்போ மட்டும் அணைச்சிடட்டும். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் கட்டாயம், அதுல எந்த தளர்வும் வேண்டாம். கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, பலமா அடிக்கிற மாசங்கள்ல வத்தையை நிறுத்திடலாம், அப்ப வலசைப் பறவைகளும் பெரும்பாலும் இருக்காது.

கடைசியா சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். வத்தை வச்சிருக்குறவங்களுக்கு ஆளுங்களை ஏத்திப் போக லைசென்ஸ் எங்க வாங்கணும், இன்சூரன்ஸ் எப்படி போடணும், காட்டு எல்லைக்குள்ள நுழைய யாருகிட்ட அனுமதி கேக்கணும்னு கேட்டா ஆளுக்கு ஒரு ஆபீசை கை காட்டுறாங்க. வர்ற ஐப்பசிக்குள்ள, அதாவது பறவை சீசன் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி, மீன்வளத்துறையும் வனத்துறையும் ஒரே நாள்ல தொண்டியில ஒரு முகாம் போட்டு இதை முடிச்சுக் குடுத்தா, இந்த வருஷமே நாலஞ்சு வத்தையாவது தண்ணியில இறங்கும்.

இப்படிக்கு,
தொண்டி பக்கத்து வாசகி ஒருத்தி,
ராமநாதபுரம் மாவட்டம்