அந்த பாட்டிலைத் திறக்காதே

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாகப் பதில் போடாதவன் இன்றைக்கு எழுதுகிறானே என்று பார்க்கிறாயா? மான் மேய்வதற்கென்று க்ளோவர் தீவனச்செடி போட்ட நிலத்தைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதில் ஓரமாகத் தெரியும் பாட்டில்தான் காரணம். அது 2,4-டி களைக்கொல்லி. க்ளோவர் நிலத்தில் அடிப்பது 2,4-டிபி, அது வேறு களைக்கொல்லி. லேபில் பிப்பெட் பிடித்த காலத்திலிருந்தே நீ லேபிள் படிக்கிற ஆள் இல்லை.

ஓர் எழுத்துதானே என்று நினைக்காதே. டிபி செடிக்குள் போன பிறகுதான் 2,4-டியாக மாறிக் கொல்லும். க்ளோவர் அதை மெதுவாகத்தான் மாற்றும், அதனால் தப்பிக்கும். நேராக டியையே ஊற்றினால் எங்கே தப்பிக்கிறது? டிபியும் அகன்ற இலைக் களை 3 அங்குலத்துக்குள் இருக்கும்போதுதான் கேட்கும்.

அது கிடக்கட்டும். உன் நிலத்தில் மண்டியிருப்பது புல். புல்லுக்கு இரண்டுமே ஆகாது, புல்லை மட்டும் கொல்லும் க்ளெத்தோடிம் வேண்டும். ஏக்கருக்கு 15 கேலன் விழும்படி உன் ஸ்ப்ரேயரை முதலில் தண்ணீர் வைத்து ஓட்டி அளந்துகொள். அந்த 15 கேலனில் க்ளெத்தோடிம் (கேலனுக்கு 2 பவுண்டு மருந்துச்சத்து உள்ள வகை) 12 அவுன்ஸ், மருந்தோடு கலக்கும் எண்ணெயான க்ராப் ஆயில் 1 சதவீதம், அதாவது 19 அவுன்ஸ். எண்ணெயை விட்டுவிட்டால் மருந்து இலைக்குள் சரியாக இறங்காது. புல் 4–6 அங்குலத்தில், ஈரத்தில் தளதளவென்று வளரும்போது அடி. வறட்சியில் வாடிக் கிடக்கும்போது அடிப்பது வீண். வெட்டிய கையோடும் அடிக்காதே, மருந்தை உள்ளே இழுக்க இலை வேண்டாமா? டிபியோடு கலந்து அடித்தால் புல் சரியாகச் சாகாது. ஒரு வாரமாவது இடைவெளி விடு.

மூன்றாம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று போன் போடாதே. பத்து நாள் கழித்து நடுக்குருத்தைப் பிடித்து இழு. அடி பழுப்பாகி அழுகி, கையோடு வரும். மேலே இன்னும் பச்சையாக இருந்தாலும் கதை முடிந்தது. குவாக் புல் மட்டும் வேரிலிருந்து திரும்ப வரும், இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருக்கும். தண்டை விரலில் உருட்டிப் பார்த்து முக்கோணமாக இருந்தால் அது கோரை. க்ளெத்தோடிம் அதை ஒன்றும் செய்யாது.

யூரியா போடச் சொன்ன புண்ணியவான் யார், மூர்த்தியா? க்ளோவர் தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். நீ போட்டதெல்லாம் புல்லுக்கு விருந்து. மண் பரிசோதனை பார்த்து மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் போடு. பிஎச் 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு.

நான்காம் வருஷத்து நிலம் அது, சேர்ந்த தழைச்சத்தைத் தேடிப் புல் வரத்தான் செய்யும். பாதிக்கு மேல் புல்லாகிவிட்டால் மல்லுக்கட்டாதே. ஆகஸ்டில் எல்லாச் செடியையும் கொல்லும் கிளைஃபோசேட் அடித்து, மாதக் கடைசியில் ஓட்ஸும் குளிர்கால ரையும் விதை, மிச்சச் சத்தை அவை உறிஞ்சட்டும். மார்ச்சில் மண் உறைந்து உருகும்போது க்ளோவர் விதையை மேலாகத் தூவினால் போதும்.

உன் ஸ்ப்ரேயர் டேங்கில் ஏற்கெனவே அந்த 2,4-டியை ஊற்றியிருக்கிறாயா? உண்மையைச் சொல். ஊற்றியிருந்தால் வெறும் தண்ணீர் போதாது. வீட்டு அம்மோனியா கலந்து, ஹோஸ், நாசில் எல்லாவற்றிலும் ஓடவிட்டு, இரவு ஊறவைத்துக் கழுவு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு