கதைக்கும்போது மாஸ்க்கை இறக்காதே, பிள்ளை

வெள்ளவத்தை,
கொழும்பு.
2021 நவம்பர் 1

அன்புள்ள மகள்,

கொரோனாவுக்குப் போட்ட பயணத்தடையை எடுத்துவிட்டார்கள், தீபாவளிக்கு நாளை இரவு பஸ்ஸில் மட்டக்களப்பிலிருந்து வருகிறாய் என்றதும் அப்பம்மாவுக்குக் காலையிலிருந்து உன் கதைதான். எனக்கும் சந்தோசம். ஆனால் மாஸ்க் பற்றி உன்னிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

ஒக்டோபர் முதலாம் திகதி நாடு திறந்ததிலிருந்து கொழும்பு பழையபடி ஆகிவிட்டது. காலி வீதிப் புடைவைக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. மாஸ்க் இல்லாத முகத்தைக் காண்பது அரிது, அதுவரைக்கும் நல்லது. ஆனால் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பார். கொண்டக்டர் ஒவ்வொரு ஹோல்டிலும் மாஸ்க்கை நாடிக்கு இழுத்துவிட்டு "பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை" என்று கத்துகிறார். கத்தி முடிந்ததும் ஏற்றிக்கொள்கிறார். நான் நிற்கும் பாமசியிலும் இதுதான் நடக்கிறது. வரிசையில் மூக்கும் வாயும் மூடி ஒழுங்காக நின்ற ஒரு அம்மா, என் முன்னால் வந்ததும் மாஸ்க்கை இறக்கிவிட்டு, மருந்துத் துண்டை நீட்டி "இந்த பிரஷர் குளிசை இருக்கோ தம்பி?" என்று கேட்டார். எனக்கு விளங்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். மெதுவாக ஏற்றச் சொன்னேன்.

சும்மா நிற்கும்போது வாயிலிருந்து துளிகள் வருவது குறைவு. கதைக்கும்போது கூடும், சத்தமாகக் கதைத்தால் இன்னும் கூடும். காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லாத ஆளிடமிருந்தும் கொரோனா தொற்றும். எந்த நேரத்தில் கட்டாயம் மூடியிருக்க வேண்டுமோ அந்த நேரத்தில்தான் சனம் திறக்கிறது. போன வருஷம் ஒக்டோபரில் மாஸ்க்கைக் கட்டாயமாக்கி, 10,000 ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். பொலிஸைக் கண்டதும் எல்லா மூக்கும் மூடும். பொலிஸ் தாண்டியதும் பாதி மூக்கு வெளியே வந்துவிடும்.

நீ போடும் நீல மாஸ்க்கில் நீலம் வெளிப்பக்கம், மடிப்புகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திவிடு. உன் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியுது என்று எப்போதும் குறை சொல்வாய். அது காற்று மேலால் ஒழுகுகிறது என்பதற்கு அடையாளம், கம்பி சரியாக உட்காரவில்லை. உனக்குச் சின்ன முகம், பக்கங்களிலும் இடைவெளி விழும். காதுப் பட்டியை மாஸ்க் ஓரத்தோடு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பக்க மடிப்பை உள்ளே செருகு, முகத்தோடு ஒட்டிவிடும். கழுவி மறுபடி போடவோ, சானிடைசர் தெளிக்கவோ வேண்டாம். நடு அடுக்கில் ஒரு மின்னேற்றம் இருக்கிறது, நுண்ணிய துகளை இழுத்துப் பிடிப்பது அதுதான். தெளித்தால் அது போய்விடும், பார்க்க மட்டும் மாஸ்க் மாதிரி இருக்கும். நம் ஊர் வியர்வையில் நனைந்தால் உடனே மாற்று.

இரவு பஸ் ஏசி பஸ். கண்ணாடி எல்லாம் பூட்டித்தான் வரும், அதற்குக் கேஎன்95 போடு. தேத்தண்ணிக்கு நிறுத்தினால் கடைக்குள் இருக்காமல் வெளியில் தள்ளி நின்று குடி. நாடியில் தொங்கவிடாமல் காதுப் பட்டியில் பிடித்து முழுதாகக் கழற்று. பக்கத்து சீற்காரர் கதை கேட்டாலும் மூடிக்கொண்டே பதில் சொல், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஓகஸ்டில் ஒரு நாளில் 200 பேருக்கு மேல் செத்த காலத்தை நீயும் கண்டாய். கொரோனாவில் செத்தவர்களை அடக்கம் செய்த ஓட்டமாவடிக்குச் சவப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது.

அப்பம்மாவுக்கு 82 வயது, இழுப்பும் இருக்கிறது. சினோபார்ம் இரண்டு ஊசியும் போட்டாச்சு, அது பெரிய ஆறுதல். ஆனாலும் அவவின் நெஞ்சை நம்பி இருக்க முடியாது. காதும் இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது. நீ வந்த உடனே காதுக்குக் கிட்டக் குனிந்து, மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கத்தத்தான் பார்ப்பாய். அவவும் "வடிவா முகத்தைக் காட்டு பிள்ளை" என்று கேட்பா. முதல் ஒரு கிழமைக்கு இரண்டும் வேண்டாம் அம்மா. பல்கனியில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறேன். சீஆர் கொப்பியும் தடித்த மார்க்கர் பேனையும் வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதிக் காட்டு, கண் நல்லாத் தெரியும், வாசிப்பா.

ஏறினதும் ஒரு மெசேஜ் போடு. விடிய எத்தனை மணிக்கு வருவாய் என்று கொண்டக்டரிடம் கேட்டுச் சொல், ஹோல்டுக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா