என் மகளின் பேச்சுக்குத் துணைநின்ற உங்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

என் மகள் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றுவிட்டாள். வாழ்த்த வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்கள் உழைப்பு" என்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. அவளுக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். நாக்கும் உதடும் அவள் நினைத்தபடி அசைவதில்லை, கைவிரல்களும் அப்படித்தான். ஆனால் அவள் மனத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவை வெளியே வர வழி செய்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி பேச்சுப் பயிற்சியாளர் அம்மையாருக்கு. "படங்களையும் சொற்களையும் சுட்டிக்காட்டிப் பேசும் பலகையைக் கொடுத்துவிட்டால் குழந்தை பேசவே முயலாது" என்று எங்களைத் தடுத்தவர்கள் பலர். இத்தகைய உதவிகள் பேச்சைக் கெடுப்பதில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது என்பதை ஆய்வுகளைக் காட்டி எங்களுக்கு விளக்கினீர்கள். சாப்பாடு, தண்ணீர், கழிவறை என்பதோடு நிறுத்தாமல், "வேண்டாம்", "நிறுத்து", "ஏன்?", "நான் சொன்னது அது இல்லை" ஆகியவற்றை அவளுடைய முதல் பலகையின் மேல் வரிசையில் வைத்தீர்கள். மறுத்துச் சொல்ல முடியாத பிள்ளையை எல்லாரும் தங்கள் விருப்பப்படியே நடத்துவார்கள் என்றீர்கள். அது எவ்வளவு சரி!

பிறகு வந்தது கண்ணாடிபோல் தெளிவான அந்த அக்ரிலிக் பலகை. தமிழின் 247 எழுத்துகளையும் ஒரு பலகையில் அடைக்க முடியாது. உயிர் 12, மெய் 18, ஓர் ஆய்தம், இவ்வளவு போதும் என்று நீங்கள்தான் வரைந்து காட்டினீர்கள். அவள் முதலில் "ப்" இருக்கும் இடத்தைப் பார்ப்பாள். பிறகு "உ"வைப் பார்ப்பாள். எதிரில் இருப்பவர் பலகையின் ஊடே அவள் பார்வை போகும் இடத்தைக் கவனித்து, இரண்டையும் சேர்த்து "பு" என்று சொல்ல வேண்டும். சரியென்றால் கண்ணை மூடித் திறப்பாள். இதற்கு மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம். எதிரில் இருப்பவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பலகையில்தான் ஒரு மாலை அவள் "இடுப்பு" என்று எழுத்துக் கூட்டினாள். மாலைதோறும் அவள் அழுவதை அதுவரை பலரும் பிடிவாதம் என்றே சொல்லிவந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது இடுப்பு மூட்டு விலகத் தொடங்கியிருந்தது. உடனே பார்த்துச் சிகிச்சை தொடங்கிய எலும்பு மருத்துவருக்கு நன்றி. அவரிடம் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு: "எங்கே வலிக்கிறது?" என்று என்னிடம் கேட்காமல் அவளிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வேறு கோப்பைத் திறக்காமல் இருந்தார்.

படங்களைத் தேர்ந்தெடுத்தால் அவற்றைக் குரலாகச் சொல்லும், டேப்லெட்டில் இயங்கும் ஆவாஸ் செயலியை உருவாக்கிய சென்னைப் பொறியாளர் அஜித் நாராயணனுக்கும் அவருடைய குழுவினருக்கும் நன்றி. வெளிநாட்டுக் கருவிகளின் விலையைக் கேட்டே மலைத்துப் போன எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, நம் ஊரிலேயே, அதுவும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காகச் சென்னையில் இயங்கும் வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்று உருவானது பெரிய ஆறுதல். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது அவள் தலையைச் சாய்த்து ஒரு பொத்தானை அழுத்துவாள். சொல் குரலாக வரும்.

அந்தப் பொத்தானையும் டேப்லெட்டையும் சக்கர நாற்காலியில் ஆடாமல் நிறுத்தியவர் எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறை அண்ணன். அவள் வளர வளரக் குழாயை உயர்த்தி உயர்த்திப் பற்றவைத்தார், கூலி வாங்கியதே இல்லை. அண்ணா, அந்தப் பொத்தான் விரற்கடை தள்ளிப் போனாலும் அவளால் பேச முடியாது. நீங்கள் செய்தது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஊரே அறிய வேண்டும்.

இயந்திரக் குரல் வயது வந்த பெண்ணின் குரலாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அடிக்கடி சொல்லும் வாக்கியங்களைத் தன் குரலில் பதிவுசெய்து கொடுத்த வகுப்புத் தோழிக்கு என் அன்பு முத்தங்கள். "கொஞ்சம் பொறு, சொல்கிறேன்" என்று பதின்வயதுக் குரலில் அதட்டல் வரும்போது வகுப்பே அமைதியாகிறதாம்.

தலைமையாசிரியை அவர்களே, சில பள்ளிகள் வாசலிலேயே எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய மாற்றுத் தொடர்பு வழிகளையும் தகவல்தொடர்பு என்றே வரையறுக்கிறது. அதை நாங்கள் எடுத்துச் சொல்வதற்கு முன்பே நீங்கள் படித்து வைத்திருந்தீர்கள். தேர்வில் அவள் சொல்வதை அவளுக்காக எழுதிய ஆசிரியை, விடுமுறை நாட்களில் வீட்டுக்கு வந்து அவளுடைய கண்ணசைவைப் பழகிக்கொண்டார். சட்டம் அவரை அப்படி வரச் சொல்லவில்லை. அவராகவே வந்தார்.

இனிப் பதினொன்றாம் வகுப்பு. கணினி அறிவியல் எடுக்கலாமே என்றோம்; "வேண்டாம்" என்று பதில் வந்தது. வணிகவியல்தான் எடுக்கிறாள்.

அக்ரிலிக் பலகையின் அளவும் எழுத்து வரிசையும் எங்களிடம் இருக்கின்றன. திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டாலும் பயிற்சியாளர் அம்மையாரிடம் சொல்லி அனுப்புங்கள். நாங்களே செய்து கொண்டுவந்து தருகிறோம், எதிரில் அமர்ந்து படிக்கவும் கற்றுத் தருகிறோம்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
திருச்சிராப்பள்ளி