இடப்பக்கம் இழுக்கும் வண்டி

இராஜபாளையம்
9.3.2025

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், வேலையில் இருந்திருப்பாய். நம் பழைய பியட் காரைப் பற்றிய விவரங்களைத் தொலைபேசியில் சொல்லிப் புரியவைப்பதும் கடினம். ஆகையால் எழுதுகிறேன். படித்துவிட்டு, முன்பக்க டிராயரில் கையேட்டோடு இதையும் வைத்துக்கொள்.

காணும் பொங்கலன்று அய்யனார் கோயில் ஆற்றுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாயே, அன்று வழி நெடுக நான் உன் கைகளையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். நேரான சாலையிலும் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவுக்கு வலப்பக்கம் பிடித்தே ஓட்டினாய். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால் வண்டி சற்றே இடப்பக்கம் சாய்வது இயல்புதான். ஆனால் தென்னந்தோப்பைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடுச்சாலையில் ஓட்டியபோதும் அது இடப்பக்கமே இழுத்தது. திருப்பத்தில் வளைத்த பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. நீதான் இழுத்துத் திருப்பினாய். வேகத்தடையில் ஏறி இறங்கியபின் முன்பக்கம் மூன்று முறை ஊஞ்சலாடியது. நான் எதுவும் சொல்லவில்லை. நீயும் எதுவும் சொல்லவில்லை. என் இருக்கையைப் பின்னால் தள்ள முயன்றபோது அதன் அடியில் தூசி படிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து வெகுநாளாயிற்று என்று தோன்றியது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

வண்டியைப் பற்றி எழுதுகிறேன். பொள்ளாச்சியில் ஒருவர் ஸ்டியரிங் பெட்டியின் ஸ்குரூவை முறுக்கிக் கொடுத்தார், அதன்பின் ஆட்டம் போய்விட்டது என்று சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கமில்லை. நம் பியட்டில் இருப்பது இப்போதைய கார்களில் உள்ள, பல்சக்கரம் பல்பட்டையை நேரே தள்ளும் ரேக் அண்ட் பினியன் அன்று. பெட்டிக்குள் வார்ம் என்னும் திருகுத் தண்டு சுழல்கிறது; அதனால் பிட்மேன் ஆர்ம் என்னும் கை ஆடுகிறது; எதிர்ப்பக்கத்தில் அதற்குத் துணையாக ஐட்லர் ஆர்ம், நடுவில் ஒரு ராடு, இரு ஓரங்களிலும் சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகள் என்று வரிசையாக மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் கடுகளவு தேய்ந்தாலே போதும், கைக்கு வரும்போது அத்தனையும் சேர்ந்து ஆட்டமாகத் தெரியும். அந்த ஆட்டத்தைப் பெட்டியை முறுக்கி மறைத்துவிடலாம்; ஆனால் மூட்டுகள் தேய்ந்தபடியேதான் இருக்கும். மேலும், வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் வார்ம் நடுவில்தான் அதிகம் தேயும், ஓரங்களில் தேயாது. நடுவில் ஆட்டம் இல்லாமல் போகும் அளவுக்கு முறுக்கினால், முழுக்க வளைக்கும்போது இறுகிக்கொள்ளும். தரைநாட்டில் ஓட்டுகிறவனுக்கு இது பெரிதாகத் தெரியாது. நீயோ ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவன். ஒவ்வொரு வளைவிலும், எங்கே ஸ்டியரிங் இளகி வர வேண்டுமோ அங்கேதான் அது இறுகும்.

ஆகவே முதலில் அந்த ஸ்குரூவைப் பழைய நிலைக்குத் தளர்த்தச் சொல். முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பிப் பார். எங்கேனும் இறுகினால், பிட்மேன் ஆர்மிலிருந்து ராடைக் கழற்றிவிட்டு மறுபடியும் திருப்பிப் பார். அப்போதும் இறுகினால் குற்றம் பெட்டியில். பெட்டி இளகி, சக்கரத்தைக் கையால் திருப்பும்போது கனமாக இருந்தால் குற்றம் கிங் பின்னில், அதாவது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் முளையில். அது கிரீஸ் காணாமல் வறண்டிருக்கும். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் நிற்கக் கூடாது, ஜாக்கியில் தொங்க வேண்டும். பாரம் இறங்கினால்தான் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகும். சர்வீஸ் நிலையங்களில் இதை யாரும் செய்வதில்லை. கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைக்காமலே அடித்து, மண்ணையும் சேர்த்து உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் பேரிங்குகளோடு 34 ஆண்டுகள் வாழ்ந்தவன் சொல்கிறேன்: துடைக்காமல் அடிக்கும் கிரீஸைவிட அடிக்காமல் விடுவது மேல்.

இழுப்புக்கு வருகிறேன். காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் காலையிலேயே அளந்து பார். கையேட்டில் உள்ள அளவுதான், கடைக்காரர் சொல்லும் அளவு வேண்டாம். பிறகு முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடு. இழுப்பு வலப்பக்கத்துக்கு மாறினால் குற்றம் டயரில், மாறாவிட்டால் வேறெங்கோ. சமதளத்தில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு பிரேக் டிரம்களுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார். இடப்பக்க முன்சக்கரம் மட்டும் அனலடித்தால் பிரேக் விலகாமல் உரசிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஸ்டியரிங்கைத் தொடவே தேவையில்லை. முன்னால் ரேடியல் டயர் போட்டிருந்தாய், பின்னால் பழைய நைலான் டயர். இதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பண்டிகை நாளில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். முன்பக்கம் ரேடியல் சாலையை இறுகப் பிடிக்க, பின்பக்கம் பிடிப்பில்லாமல் போனால், ஈரத் திருப்பத்தில் வண்டியின் வால் வெளியே வீசும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பணமில்லையென்றால் ரேடியல் இரண்டையும் பின்னால் போடு. பணத்துக்குத் தட்டுப்பாடு என்றால் எழுது. எதற்கென்று கேட்க மாட்டேன்.

டயரை உள்ளங்கையால் தடவிப் பார்க்கும் வழக்கத்தைச் சிறுவயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், நினைவிருக்கும். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும் மறுபக்கம் தடவினால் ரம்பப் பல்லாகவும் இருந்தால் டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கும் அளவு, தவறு. ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பர் என்னும் சக்கரத்தின் பக்கச் சாய்வு, அல்லது கிங் பின் சாய்வு. மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. உன் டயரில் இந்த மூன்றில் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. நீ கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது தடவிப் பார்த்தேன்.

பின்பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அதன்பின் முன்பக்கத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் வண்டி நண்டு போலச் சாய்ந்தேதான் ஓடும். முன்சக்கரத்தின் நடுவான ஹப்பிலிருந்து பின் ஹப் வரை இருபுறமும் கயிறு பிடித்து அளந்து பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை முறுக்கச் சொல். ஸ்பிரிங் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ் மாற்றினால், வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிக்கொண்டே இருந்து ஆறு மாதத்தில் கிழிந்துவிடும்.

உதிரிப்பாகம் கிடைக்காது என்று சொல்லாதே. பம்பாயில் 2023 அக்டோபரில் நம் பியட்டின் வழிவந்த பத்மினி டாக்சிகளில் கடைசி வண்டியும் ஓய்வு பெற்றது என்று பத்திரிகையில் படித்துவிட்டு நீதான் எனக்குச் சொன்னாய், இனி அவ்வளவுதான் என்று. டை ராட்டின் முனை மூட்டான டை ராடு எண்டும் கிங் பின் செட்டும் இன்னும் வருகின்றன. மதுரையில் விசாரித்து வாங்கி வைத்துவிட்டேன். கிங் பின்னுக்கு மட்டும் புஷ்ஷை ரீமர் போட்டு அளவாகக் கடைய வேண்டும். அதற்கு நல்ல லேத் பட்டறை ஆள் வேண்டும். சுத்தியால் அடித்து ஏற்றிவிட்டு முடிந்தது என்று சொல்கிறவரிடம் கொடுக்காதே.

டை ராடு எண்டைப் பார். எதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பார். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்ட, நீ கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையால் பற்றிப் பார். ராடு நகர்ந்து, சற்றுத் தாமதித்து மூட்டு நகர்ந்தால் அது போய்விட்டது. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்து மண் ஒட்டியிருந்தால், இன்று ஆடாவிட்டாலும் நாளை ஆடும். டக் டக் என்று சிறு சத்தம் வரும். அது கேட்டபின் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1996 ஆடி மாதம், குற்றாலத்திலிருந்து திரும்பும்போது, வாசுதேவநல்லூருக்கும் சிவகிரிக்கும் நடுவில் புளியமரத்தடியில் நடந்ததற்கு, பின்சீட்டில் நீயும் தங்கையும் போட்ட சண்டையில் என் கவனம் சிதறியதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன். மருத்துவமனையில் அம்மாவின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் உன்னிடமே சொன்னேன். உனக்குப் பன்னிரண்டு வயது. அது பொய். இடப்பக்க டை ராடு எண்டு தேய்ந்துவிட்டது என்பது மூன்று வாரங்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். கிழிந்த உறையைப் பார்த்தேன், சத்தத்தையும் கேட்டேன். சீசன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். மில்லில் ஒரு மெஷினில் அந்தச் சத்தம் கேட்டிருந்தால் அப்போதே நிறுத்தச் சொல்லியிருப்பேன்; சொந்த வண்டியில் சொல்லவில்லை. அன்று அந்த மூட்டின் உருண்டை அதன் கிண்ணத்திலிருந்து கழன்று விழுந்தது; இடச்சக்கரம் தன் போக்கில் போனது; என் கையில் ஸ்டியரிங் வெறுமனே சுற்றியது. நீங்கள் இருவரும் அப்போது சண்டைகூடப் போடவில்லை. சீதாப்பழம் தின்றுகொண்டிருந்தீர்கள். மெயின்டனன்ஸ் பிட்டர் தன் காரையே பார்க்கவில்லை என்று ஊர் பேசுமே என்று கூச்சப்பட்டு, உன் தலையில் போட்டேன். அன்றிலிருந்து நீ வண்டியில் ஏறினால் வாயைத் திறப்பதில்லை. அடக்கமான பிள்ளை என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பொங்கலன்று ஆற்றுக்குப் போய்த் திரும்பும்வரை நீ பேசாமல் வந்தது என் வேலைதான் என்று எனக்குத் தெரியும்.

அந்த உடைந்த மூட்டைப் பஞ்சு வேஸ்ட்டில் சுற்றி, 29 ஆண்டுகளாக ஸ்பேனர்ப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். நேற்று இரவு அம்மாவிடம் எடுத்துக் காட்டிச் சொன்னேன். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வண்டியை மலையிலிருந்து இறக்காதே. பொள்ளாச்சிக்கு வரவேண்டியிருந்தால் பேருந்தில் வா. டை ராடு எண்டைப் பார்க்கும்வரை இறக்காதே என்று மீண்டும் சொல்கிறேன். வரும் 15ஆம் தேதி சனிக்கிழமை இரவு இங்கிருந்து கிளம்பி, ஞாயிறு காலை பொள்ளாச்சியில் மலைப் பேருந்து ஏறிவிடுவேன். கிரீஸ் கன், இரண்டு டை ராடு எண்டுகள், கிங் பின் செட் எல்லாம் பையில் இருக்கும். அம்மா பேத்தி யாழினிக்குச் சீடை சுட்டுத் தருவாள்.

கிங் பின்னைச் சோதிக்கும்போது இரண்டு பேர் வேண்டும். சக்கரத்தைத் தூக்கி வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடும். ஆடுவது ஹப் பேரிங்கா கிங் பின்னா என்று அப்போது தெரியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். தனியாகச் செய்து பார்க்கக்கூடிய சோதனை அல்ல அது. மருமகள் வீட்டில் இருந்தால் அவளை மிதிக்கச் சொல்லலாம். இல்லையென்றால் நான் மிதிக்கிறேன், நீ சக்கரத்தைப் பிடி. ஜாக்கியைத் துடைத்து வை. பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கல்லும் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா